நம்பர் கேட்ட அக்கா

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் நான் ஜெராக்ஸ் கடை திறந்த முதல் வாரத்திலேயே அக்கா வந்து என்னோடு சண்டை போட்டாள். தன் ரத்தப் பரிசோதனைத் தாளை நகலெடுத்துப் போனவள், பாதி வழியிலிருந்து வெயிலில் திரும்பி வந்து தாளை மேசையில் வைத்தாள்.

"ஏட்டி, இங்கன பாரு. ஒண்ணு புள்ளி நாலுன்னு இருக்கணும். உன் மிஷின் புள்ளியத் தின்னுட்டு. பதினாலுன்னுல்லா தெரியுது."

"அதுல என்னக்கா, டாக்டருக்குத் தெரியாதா?" என்றேன்.

"ஒண்ணு புள்ளி நாலுன்னா நான் நடந்து வந்து உன்கிட்டச் சண்டை போடுதேன். பதினாலுன்னா என்னை நாலு பேரு தூக்கிட்டு வந்திருக்கணும். கண்ணாடியத் தொடச்சுட்டு மறுபடியும் போடு."

துடைத்துவிட்டுப் போட்டேன். புள்ளி விழுந்தது. அதை விரல் நகத்தால் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் போனாள். கிரியாட்டின் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைக் காட்டும் எண் அது என்று, நான் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

தெருவில் அவளை எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்பார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் "எதுக்குட்டி அதெல்லாம்?" என்றிருப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இரண்டு அறை வீடு. முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்ததாம். நான் பழகத் தொடங்கியபோது அறுபதைத் தாண்டியிருந்தாள். ஒல்லி, நெட்டை, வெளுத்த பருத்திச் சேலை. குரல் மட்டும் இருபது வயதுப் பெண்ணின் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேறு யாரோ பேசுவது போலிருக்கும்.

"நம்பர் சொல்லு." வாழ்நாளெல்லாம் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அந்த இரண்டு சொற்களும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தன. யாராவது "இப்ப உடம்பு பரவால்லக்கா" என்றால், "பரவால்லன்னா எவ்வளவு? நம்பர் சொல்லு" என்பாள். பிரஷர் கொஞ்சம் கூடுதல் என்றால், கொஞ்சம் என்பது எத்தனை என்று கேட்பாள். ஒரு தடவை மருத்துவர் ஒருவர் அவளுடைய தாளைப் பார்த்துவிட்டு, "லேசா கூடியிருக்கும்மா, பயப்பட ஒண்ணுமில்லை" என்றாராம். அக்கா எழுந்திருக்கவில்லை. "பயப்படணுமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கிடுதேன் டாக்டர். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு, எதுக்கு மேல போனா நான் பயப்படணும், அதை மட்டும் எழுதித் தாங்க." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார். அதையும் என்னிடம்தான் நகலெடுத்தாள்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். அவள் போகும் கிறிஸ்தவக் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடும் விருந்து. ஒரு வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சோறு வாளியோடு வந்தவர், "என்னக்கா, அசனத்துக்கு வந்துட்டு அளந்தா தின்னுவாவ?" என்று சொல்லி ஒரு கரண்டியை இலையில் தட்டப் போனார்.

"டம்ளர்ல போடும்வே. அதுக்கு மேல ஒரு பருக்கை விழுந்தாலும் அள்ளி உம்ம வாளியிலதான் போடுவேன்."

அவர் டம்ளரில்தான் போட்டார். அந்த ஒரு டம்ளர் சோற்றை அக்கா அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டாள். எலும்பை உறிஞ்சினாள். பக்கத்தில் இருந்தவர்களோடு சிரித்துப் பேசினாள். இவளைப் பத்தியக்காரி என்று எவரும் சொல்ல முடியாது. கணக்காகச் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

இந்தப் பிடிவாதம் நோயால் வந்தது என்று நான் முதலில் நினைத்தேன். இல்லை. பணியில் இருந்த காலத்தில் அம்பாசமுத்திரம் எக்ஸ்சேஞ்சில் நடந்த ஒன்றை அவளே சொல்லியிருக்கிறாள். மழைக் காலம். வெளியூருக்கு ஒரே ஒரு லைன்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பெரிய அதிகாரி ஒருவர் சென்னைக்குப் பேச வேண்டும் என்று காத்திருந்தார். அந்த நேரம் மலை எஸ்டேட்டிலிருந்து கம்பவுண்டர் அழைத்தார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு லைன் வேண்டும் என்றார். அக்கா அதைக் கம்பவுண்டருக்குக் கொடுத்துவிட்டாள்.

அதிகாரி கத்தினாராம். "நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நீங்க ரெண்டாவது."

அதற்கு ஒரு மெமோ வந்தது. பிழைத்ததா அந்தப் பெண் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது. லைன் கிடைச்சுது. அது வரைக்கும்தான் என் கையில இருந்துது" என்றாள்.

இனி என் கதைக்கு வர வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

என் வீட்டுக்காரருக்கு முப்பத்தொன்பது வயதில் சர்க்கரை வந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கூடக் கழற்றாமல் சாய்ந்துவிடுவார். கடைக்கு வரும் ஒரு பெண் எனக்கு ஒரு டப்பாவைக் கொடுத்தாள். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே தயாரித்த சத்துப் பவுடர். கூடவே சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று ஒரு காப்ஸ்யூல். இரண்டு மாதத்தில் அவர் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. முகத்தில் தெளிவு வந்தது. சர்க்கரை மாத்திரையைத் தானாகவே பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆள் சேர்த்து ஆள் சேர்த்து அதை விற்கும் கம்பெனியில் நானும் உறுப்பினரானேன். கடை அலமாரியில் டப்பாக்களை அடுக்கினேன். ஏமாற்றுவதற்காக நான் விற்கவில்லை. என் வீட்டிலேயே குடித்துப் பார்த்து, நம்பித்தான் விற்றேன். அதனால் என் குற்றம் குறைந்துவிடாது என்பது இப்போது தெரியும்.

அக்கா ஒரு நாள் டப்பாவைக் கையில் எடுத்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்தை எழுத்து விடாமல் படித்தாள்.

"இருபத்தி ரெண்டு மூலிகைன்னு போட்டிருக்கான். எது எவ்வளவுன்னு போடலையே."

"அது கம்பெனி ரகசியம்க்கா."

"என் வயித்துக்குள்ள போறது எனக்கே ரகசியமாட்டி? புரோட்டீன் எவ்வளவு? பொட்டாசியம் எவ்வளவு? கிட்னி கொஞ்சம் தளர்ந்த ஆளுக்கு ரெண்டையும் அளந்துதான் குடுக்கணும்னு எனக்கு டாக்டரு எழுதியே தந்திருக்காரு. உன் வீட்டுக்காரருக்குக் கிட்னி எப்படி இருக்கு? நம்பர் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் கோபம் வந்தது. "நீங்க மட்டும் ஊசி போட்டுக்கிடலையா? போன மாசம் பூரா வைட்டமின் ஊசி போட்டீங்கல்லா? அது மட்டும் நல்லதாக்கும்?" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "நல்ல கேள்வி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குக் காலு ரெண்டும் ஊசி குத்துனாப்ல இருந்துது. சுகர் மாத்திரைய வருஷக்கணக்கா முழுங்கினா பி12 குறையுமாம். குறைஞ்சிருக்கான்னு ரத்தத்துல பாத்தாவ. குறைஞ்சிருந்துது. குறைஞ்சதை மட்டும், இத்தனை ஊசின்னு எண்ணிப் போட்டாவ. மறுபடியும் பாத்தாவ. ஏறியிருந்துது. நிறுத்திட்டாவ. நான் சத்து மருந்துக்கு எதிரி இல்லட்டி. என்ன குறையுதுன்னே பாக்காம எல்லாத்தையும் அள்ளி ஊத்துதீயளே, அதைத்தான் கேக்குதேன்."

அந்த மாதம் கம்பெனியின் பெரிய கூட்டம் வந்தது. ஆளுக்குப் பத்துப் பேரைக் கூட்டி வர வேண்டும். எனக்கு ஒன்பது பேர்தான் தேறினார்கள். "நான் வாறேன்" என்றாள் அக்கா. எனக்குள் எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. எண்ணிக்கை சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

கல்யாண மண்டபம் ஒன்றின் மாடி ஹால். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தலைவரை நாங்கள் சார் என்போம். கோட்டும் டையும் போட்டிருந்தார். பவுடரால் குணமானவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லச் சொன்னார். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் ஏறினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கு டப்பா விற்றது நான்தான். என் தங்கை வீட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

"பத்து வருசமாச் சுகருக்கு மாத்திரை தின்னேன். இந்தப் பவுடரு குடிச்ச பொறவு எல்லா மாத்திரையையும் கன்னடியன் வாய்க்கால்ல தூக்கிப் போட்டுட்டேன். இன்னைக்கு நான் நல்லா இருக்கேன்!"

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அக்கா எழுந்தாள். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். சுகர் இப்ப எவ்வளவு?"

"மிஷின்ல நூத்தி முப்பது காட்டிச்சும்மா."

"சந்தோஷம். கிரியாட்டின் பாத்தீயளா?"

"அது என்னதும்மா?"

"ஒண்ணுக்குப் போனா நுரை கட்டுதா?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அக்கா நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்குப் போனாள். "வேட்டியக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். அவர் ஏனோ மறுக்காமல் கணுக்காலுக்கு மேலே தூக்கினார். கால் தூண் போல இருந்தது. அக்கா குனிந்து, கட்டைவிரலால் முன்னங்காலை அழுத்தி எடுத்தாள். விரல் பதிந்த இடத்தில் குழி விழுந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. குழி அப்படியே நின்றது. சதை எழும்பி வரவேயில்லை.

தலைவர் ஓடி வந்தார். "மேடம், இதெல்லாம் நல்ல அறிகுறிங்க. உடம்புல உள்ள நச்சு வெளிய வர்றப்போ இப்படித்தான் இருக்கும்."

"வெளிய வருதுன்னா வெளியல்லா வரணும்? காலுக்குள்ள எதுக்குய்யா இறங்குது?"

இந்த முறை சிரிப்பு அவருக்கு எதிராக எழுந்தது. அவர் கண்ணைக் காட்ட, யாரோ மைக்கை நிறுத்தினார்கள். அக்காவிடம் மைக்கே கிடையாது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் கரகரக்கிற கம்பிகளின் வழியாகப் பேசிய குரல் அது. கடைசி வரிசை வரைக்கும் போய் நின்றது.

"இங்க இருக்கவிய எல்லாரும் வீட்டுக்குப் போறதுக்கு முந்தி கிரியாட்டினும் யூரின்ல புரோட்டீனும் ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. நல்லா இருந்தா இவர்கிட்ட வந்து இன்னும் ரெண்டு டப்பா வாங்குங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். சுகர் மாத்திரைய மட்டும் யாரு சொன்னாலும் டாக்டரக் கேக்காம நிறுத்தாதீய. சாட்சின்னா பாத்ததைச் சொல்லணும். பாக்காததைச் சொல்லதுக்கு வேற பேரு."

இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். "கைய எடு, எனக்கு நடக்கத் தெரியும்" என்று உதறினாள். தலைவர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இவங்களக் கூட்டிட்டு வந்தது யாரு?"

நான் எழுந்திருக்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய உறுப்பினர் அட்டையை முந்தானையால் மூடினேன்.

"நானாத்தான் வந்தேன்" என்றாள் அக்கா வாசலில் நின்று. "வாசல் திறந்து கெடந்துது." என் பக்கம் அவள் பார்க்கவேயில்லை.

என்னைக் காப்பாற்றினாள். அதற்காக நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். நாலு நாள் கழித்து ஒரு தாளோடு வந்தாள். "கரண்ட் இல்ல" என்றேன். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

"செரி. அவருக்குக் கிரியாட்டின் பாத்தியா?"

நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன். மறுநாளும் வந்தாள். மறுநாளும் கரண்ட் இல்லை. அதே கேள்வி. வாடிக்கையாளர்கள் நடுவில் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கம் வந்து நின்று கேட்டாள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் இப்படி நடந்தது. கடைசியில், அவள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே வீட்டுக்காரரை லேபுக்கு அனுப்பினேன். நல்ல எண்ணாக வரும், அதைப் பெரிதாக நகலெடுத்து அவள் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வர வேண்டும் என்று திட்டம்.

மத்தியானம் நான்தான் போய் ரிப்போர்ட்டை வாங்கினேன். ஒன்று புள்ளி மூன்றுக்குள் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு எதிரே இரண்டு புள்ளி நாலு. அந்தப் புள்ளி பேனா முனையால் குத்தி வைத்த மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது.

கடைக்குத் திரும்பவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். தாளைப் படித்தாள். "நான் அப்பவே சொன்னேன்லா" என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏறிச் சண்டை போட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"ஒரே ஒரு தடவை எடுத்ததை வச்சு முடிவு பண்ணக் கூடாது. நாளன்னைக்கு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுவாவ. அதுக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கிட்னி டாக்டர்கிட்டப் போ. பவுடரையும் காப்ஸ்யூலையும் டப்பாவோட கொண்டு போ. ஒளிக்காம எல்லாத்தையும் சொல்லு."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகு, "அழுவதுக்கு இன்னும் நாள் கெடக்கு. எந்திரி. இன்னைக்குச் சாயந்தரம் அவரு குடிக்கறதுக்கு முந்தி போயி அந்த டப்பாவ எடு" என்றாள்.

அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு நல்லாத்தானே இருக்கு? அந்தக் கெழவி உனக்கு என்ன மந்திரம் போட்டா?" என்று கத்தினார். அக்கா வந்தாள். அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கிட்னி வலிச்சுக் காட்டாது தம்பி. வலிச்சிருந்தா நான் உங்க வீட்டு வாசலுக்கு வர வேண்டியதே இல்ல" என்றாள். அவர் மறுநாள் என்னோடு வந்தார்.

இரண்டாவது பரிசோதனையிலும் எண் அதேதான். இதற்குப் பவுடர்தான் காரணமா என்று மருத்துவரைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சர்க்கரை, கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம், பாதியில் குறைத்த மாத்திரை, என்னவென்று தெரியாத இந்தக் கலவை, எல்லாம் சேர்ந்திருக்கலாம். பவுடரை நிறுத்தி, மாத்திரைகளை மாற்றி, உப்பைக் குறைத்து, ஆறு மாதத்தில் எண் ஒன்று புள்ளி ஏழுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. இனி இறங்காது என்றும் சொல்லிவிட்டார்கள். அதை ஏறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்றுவரை எங்கள் வேலை.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா விடவில்லை.

"எத்தனை பேருக்கு வித்திருக்க?"

"இருபத்தாறு."

"பட்டியல எடு. நீ வித்தது. நீதான் போகணும். நான் கூட வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கிளம்புவோம். குடை, தண்ணீர் பாட்டில், அவளுடைய மாத்திரை டப்பா. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் பேச வேண்டும், அவள் பக்கத்தில் நிற்பாள். முதல் வீட்டில், பேசுகிற வேகத்தில், "இந்தப் பவுடரு விஷம், கிட்னியத் தின்னுரும்" என்று சொல்லிவிட்டேன். தெருவுக்கு வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"விஷம்னு உனக்கு யாரு சொன்னா? டாக்டரு சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப நீயும் சொல்லாத. தெரியாததைத் தெரிஞ்சாப்ல சொன்னா நீயும் அவனுவ கூட்டம்தான். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, தெரியாமத்தான் வித்தேன், டெஸ்ட் எடுத்துப் பாருங்க. அவ்வளவுதான் உனக்குத் தெரிஞ்சது. அதைச் சொல்லு."

அப்படிச் சொல்வது எவ்வளவு கூச்சம் தெரியுமா? விஷம் என்று சொன்னால் நான் நல்லவளாகிவிடுகிறேன். தெரியாமல் விற்றேன் என்றால் வாசலில் நிற்பவர் முகம் மாறுவதை நேரே பார்க்க வேண்டும். இருபத்தாறு முகங்களையும் பார்த்தேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். பாதிப் பேர் டெஸ்ட் எடுத்தார்கள். பெரும்பாலும் பழுதில்லை. மூன்று பேருக்கு இருந்தது.

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி எங்களைப் படி ஏறவிடவில்லை. "இருநூறு பேரு முன்னால என் வேட்டியத் தூக்க வச்சவ! போட்டி வெளிய!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். நிற்கும்போதே மூச்சு வாங்கியது. கால் இன்னும் பெருத்திருந்தது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நான் செஞ்சது மரியாதை இல்ல, ஒத்துக்கிடுதேன். அதுக்கு என்னை ஏசுங்க. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றோம். கால் மணி நேரத்தில் அவருடைய மனைவி வயல் பக்கமாக ஓடி வந்தாள். மூச்சிரைக்க, "எங்க போயி என்ன டெஸ்ட் எடுக்கணும்? எழுதித் தாங்கம்மா, நான் கூட்டிட்டு வந்துருதேன்" என்றாள். அக்கா பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். சொன்னபடியே மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் பிந்திவிட்டது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆனது. மூன்று வருஷம் இருந்தார். கடைசிவரை அவர் அக்காவை மன்னிக்கவில்லை. அக்காவும் அதைப் பற்றிக் குறைப்படவில்லை. "அவருக்கு அந்த உரிமை உண்டு" என்றாள்.

தலைவரும் சும்மா இருக்கவில்லை. கம்பெனியைப் பற்றி அவதூறு பரப்புவதாக வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போவதாகக் கடைக்குத் தொலைபேசி செய்தார். அக்கா அப்போது கடையில்தான் இருந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அனுப்புங்க சார். விலாசம் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. கோர்ட்டுல நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும், அந்த இருபத்தி ரெண்டுல எது எத்தனை கிராமுன்னு. சொல்லிட்டா நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்." தன் வீட்டு விலாசத்தை, பின்கோடு உட்பட, எழுத்தெழுத்தாக நிறுத்திச் சொன்னாள். நோட்டீஸ் வரவில்லை. வராதது அவளுக்கு ஏமாற்றம்தான்.

எழுபத்தோரு வயதில், ஒரு சனிக்கிழமை காலை, மார்வலி வந்து அக்கா இறந்துபோனாள். ஆஸ்பத்திரி பத்து நிமிஷத் தூரம். போய்ச் சேரவில்லை. சர்க்கரை சிறுநீரகத்தை மட்டும் தேடி வருவதில்லை, இதயத்துக்கும் வரும் என்று அவளே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். அடக்கத்துக்கு அண்ணாச்சியின் மனைவி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வெள்ளைச் சேலையில் ஓரமாக நின்றாள்.

அக்காவின் உறவுக்காரர் ஒருவர், பெட்டியை மூடுவதற்கு முன், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்னத்த அளந்து என்னத்த எண்ணி என்ன? கடைசியில எல்லாருக்கும் ஒரே முடிவுதான். ஆசப்பட்டதைத் தின்னுட்டாவது போயிருக்கலாம்."

சாவு வீட்டில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். நான் பேசினேன்.

"முப்பத்தி மூணு வருசம் சுகரோட இருந்தாவ. கடைசி நாள் வரைக்கும் ரெண்டு கிட்னியும் அவுகளுக்கு வேலை செஞ்சுது. கண்ணு தெரிஞ்சுது. காலுல ஒரு விரலு கூடப் போகல. அசனத்துல கறி தின்னாவ. எதை விட்டுட்டாவன்னு சொல்லுதீய?"

அவர் பெட்டியை விட்டு நகர்ந்து நின்றார். பாட்டு தொடங்கியது.

போன மாதம் ஒரு காலை நேரம். ஹெல்மெட்டும் தோல்பையுமாக ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு தாளை நீட்டி ஆயிரம் காப்பி வேண்டும் என்றார். தாளில் சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படம். மேலே பெரிய எழுத்தில், சர்க்கரை மாத்திரைக்கு விடை கொடுங்கள், சிறுநீரகத்தைப் புதுப்பியுங்கள் என்று இருந்தது. பவுடர் வேறு. பேரும் வேறு.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "இதை நான் போட மாட்டேன்."

"ஏங்க, மிஷின் ரிப்பேரா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் போட மாட்டேங்கேன்."

"நீங்க காப்பி போடுறவங்க. உள்ள என்ன இருக்குன்னு படிக்கிறது உங்க வேலையாங்க?"

"ஆமா" என்றேன். "இதுக்கு முந்தி படிக்காம இருந்தேன். அதுல எங்க வீட்டுல ஒரு ஆளுக்குக் கிட்னி பாதி போச்சு. இந்தா உக்காந்திருக்காவல்லா, அவுகதான்."

உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வந்தவர் தாளைப் பையில் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வண்டி அந்தப் பக்கம்தான் திரும்பியது.

வீட்டுக்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நானும் அந்தப் பக்கம் நடந்தேன்.